நேபாள டிரெக்கிங் தொழிலில் பெண்கள்

நேபாளத்தில் டிரெக்கிங் எனப்படும் மலைநடைச் சுற்றுலா தொடங்கிய நாளிலிருந்தே பெண்கள் அதில் உழைத்து வருகிறார்கள். வெகுகாலம் அது உழைப்பாகக் கணக்கில் வரவில்லை. வழிப்போக்கருக்குச் சோறு வடித்ததும் படுக்கை விரித்ததும் பெண்கள். வழிகாட்டி, சமையற்காரர், சுமைதூக்கி என்று கூலி வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். கடந்த முப்பது ஆண்டுகளில்தான் இந்த வரிசை கலையத் தொடங்கியது.

உலக அளவில் சுற்றுலா பெண்களின் கையில் ஓடும் தொழில். உலகச் சுற்றுலா அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி இத்துறையில் வேலை செய்வோரில் 54 விழுக்காட்டினர் பெண்கள். பொருளாதாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அது 39 விழுக்காடுதான். சுற்றுலாத் துறையில் பெண்களுக்குக் கிடைக்கும் ஊதியம் ஆண்களைவிட 14.7 விழுக்காடு குறைவு. இந்தக் குறைவுக்குக் காரணம் தேடுபவர்கள், எந்த வேலை யாருக்கு என்று பிரிக்கப்படும் இடத்தைப் பார்க்க வேண்டும். நேபாள மலைப்பாதையில் அந்தப் பிரிவு சமையலறை வாசற்படியில் இருந்தது.

பட்டியிலிருந்து லாட்ஜுக்கு

அன்னபூர்ணா, தவளகிரி மலைகளுக்கு நடுவே ஓடும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கு பழைய வணிகப் பாதை. திபெத்திலிருந்து உப்பு கீழே இறங்கும். அரிசியும் பிற தானியங்களும் மேலே ஏறும். இந்த வணிகத்தில் கொழித்தவர்கள் தகாலி இனத்தவர். ஆண்கள் கோவேறு கழுதைகளோடு ஊர் ஊராகப் போக, பெண்கள் வழியோர வீட்டில் 'பட்டி' நடத்தினார்கள். நம் ஊர்ப் பெயர்களில் வரும் பட்டி வேறு. இது அடுப்பையும் சாராய உலையையும் குறிக்கும் வடநாட்டுச் சொல். பட்டியின் வழக்கம் எளிமையானது: இங்கே சாப்பிட்டால் இங்கேயே படுத்துக்கொள்ளலாம், படுக்கைக்குத் தனிக் காசு கிடையாது. நடத்தும் பெண்ணை 'சாஹுனி' என்பார்கள், முதலாளியம்மா என்ற பொருளில்.

1950களின் இறுதியிலும் 60களிலும் திபெத் எல்லை நெருக்கடியால் உப்பு வணிகம் சரிந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் வேறு வகை வழிப்போக்கர்கள் வரத் தொடங்கினார்கள். கூர்க்கா படையில் அதிகாரியாக இருந்த பிரிட்டிஷ்காரர் ஜிம்மி ராபர்ட்ஸ் 1964இல் காத்மாண்டுவில் முதல் டிரெக்கிங் நிறுவனத்தைத் தொடங்கினார். 1965இல் அவர் அழைத்துப்போன முதல் வாடிக்கையாளர்கள் மூன்று அமெரிக்கப் பெண்கள். வெளிநாட்டுப் பெண் காசு கொடுத்து மலையில் நடக்கலாம், உள்ளூர்ப் பெண் காசு வாங்கிக்கொண்டு நடக்கக்கூடாது என்ற விசித்திரம் அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

மனாங் பகுதி 1977இல் வெளிநாட்டவருக்குத் திறந்துவிடப்பட்டதும் அன்னபூர்ணாவைச் சுற்றி நடப்பது உலகப் புகழ் பெற்றது. பட்டிகள் லாட்ஜுகளாயின. பழைய வழக்கம் மட்டும் மாறவில்லை: அறை வாடகை மிகக் குறைவு, சாப்பாடு அங்கேயே என்பது எழுதாத ஒப்பந்தம். ஆகவே லாட்ஜின் வருமானம் அடுப்பில்தான் பிறக்கிறது.

ஒரு சாயங்காலம் அந்த அடுப்படியில் உட்கார்ந்தால் இது விளங்கும். உணவுக்கூட மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். விருந்தினர்கள் அறை எண் போட்டு, வேண்டியதை வேண்டிய நேரத்தோடு எழுதி வைப்பார்கள். ஒருவருக்கு ஏழு மணிக்கு ஆப்பிள் பை, இன்னொருவருக்கு ஆறரைக்குப் பூண்டு சூப்பு. சாஹுனி அதைப் படித்து, எந்தக் குக்கரை எப்போது ஏற்றுவது என்று மனதுக்குள் வரிசை போடுகிறார். விறகடுப்பின் வழியே போகும் குழாயில் குளிக்க வெந்நீர் காய்கிறது. சுவர்ப் பலகையில் துலக்கிய பித்தளைத் தட்டுகள் பளபளக்கின்றன. தகாலி வீட்டுக்கு அதுதான் கௌரவம். வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் கடைசியில் பருப்புச் சோறு சாப்பிட வரும்போது, போதும் என்று சொல்லும்வரை பரிமாற வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு மறுபடி அடுப்பு. ஆங்கிலம், கணக்கு, கொள்முதல், ஆளைப் பார்த்து எடைபோடுவது எல்லாம் இந்த வேலையில் அடக்கம். இதை 'வீட்டு வேலையின் நீட்சி' என்று எழுதிய ஆய்வாளர்கள் ஒரு நாளாவது அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்துச் சமைத்துப் பார்த்திருக்கலாம்.

காந்த்ருக் போன்ற, குருங் இனத்தவர் வாழும் ஊர்களில் கதை சற்று வேறு. ஆண்கள் பிரிட்டிஷ், இந்தியப் படைகளில் சிப்பாய்களாகப் போய்விட, ஊரை நடத்தியவர்கள் பெண்கள். கணவரின் ராணுவச் சேமிப்பில் லாட்ஜ் எழும்பும். அதை ஓட்டுவது மனைவி. நிலமும் உரிமமும் பல வீடுகளில் ஆண் பெயரில் இருந்தன. 2002இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் மகளுக்குச் சொத்துரிமை தந்தது, திருமணமானால் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. 2015 அரசியலமைப்பு பாகுபாடின்றிச் சம உரிமை என்றது. பெண் பெயரில் நிலம் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் சலுகையும் உண்டு. லாட்ஜுகள் பெண் பெயருக்கு மாறுவதற்குச் சட்டத்தைவிட இந்தச் சலுகை அதிகம் உதவியிருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

1986இல் காந்த்ருக்கில் தொடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டம் 'ஆமா சமூஹ்' என்னும் தாய்மார் குழுக்களை வளர்த்தது. விருந்தினர் முன் ஆடிப்பாடிச் சேர்த்த பணத்தில் பாதை செப்பனிடுவது, ஊரில் குடியையும் சூதாட்டத்தையும் அடக்குவது ஆகியவை அவற்றின் வேலைகள். 1997இல் சியாங்ஜா மாவட்டத்துச் சிருபாரி கிராமம் வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கும் முறையைத் தொடங்கியபோதும் மாலையோடு வரவேற்றவர்கள் தாய்மார் குழுவினரே. 2010இல் அரசு ஹோம்ஸ்டே விதிமுறைகளை வகுத்தது.

பாதைக்கு வந்தவர்கள்

டார்ஜிலிங்கிலிருந்து வந்த லக்கி, டிக்கி, நிக்கி செத்ரி என்னும் மூன்று சகோதரிகள் 1990களின் தொடக்கத்தில் போக்ராவின் ஏரிக்கரையில் விடுதி நடத்தினார்கள். மலையிலிருந்து திரும்பும் வெளிநாட்டுப் பெண்கள் சிலர், தங்கள் ஆண் வழிகாட்டிகளின் தொல்லையைப் பற்றி இவர்களிடம் முறையிட்டார்கள். அந்த முறையீட்டிலிருந்து 1994இல் பிறந்தது, பெண்களுக்குப் பெண்களே வழிகாட்டும் 'த்ரீ சிஸ்டர்ஸ்' நிறுவனம். 1999இல் ஒரு தொண்டு அமைப்பையும் தொடங்கி, ஏழைப் பெண்களுக்கு இலவசப் பயிற்சி தர ஆரம்பித்தார்கள். ஆங்கிலம், முதலுதவி, உயர நோய், செடிகொடிகள் என்று ஏறக்குறைய ஒரு மாத வகுப்பு. பிறகு அனுபவமுள்ள வழிகாட்டியுடன் சுமை தூக்கிக்கொண்டு உதவியாளராக நடக்க வேண்டும். நெற்றிப்பட்டையில் கூடை தொங்க விறகும் புல்லும் சுமப்பது மலைப் பெண்களுக்குப் புதிதில்லை. அதற்குக் கூலி வாங்குவதுதான் புதிது.

எதிர்ப்பு பெரிய வாதங்களாக வரவில்லை. சிறு சங்கடங்களாக வந்தது. பெண் வழிகாட்டியைக் கண்டால் கேலி, ஊர்ப்பேச்சு, கல்யாணம் நடக்காது என்ற பயமுறுத்தல். இன்னொன்று வெளியாருக்குத் தெரியாதது. சீசன் நெரிசலில் ஆண் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் உணவுக்கூடத்துப் பெஞ்சிலேயே படுத்துக்கொள்வார்கள். பெண் வழிகாட்டிக்கு அது முடியாது, அறை வேண்டும். அக்டோபரில் அறை கிடைப்பது அரிது. அறைக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதும் அதற்குப் பணம் ஒதுக்குவதும் அவரை அனுப்பும் ஏஜென்சியின் வேலை. எல்லா ஏஜென்சிகளும் அதைச் செய்வதில்லை.

சிகரம்

பெண்கள் பாதையோடு நிற்காமல் சிகரங்களுக்கும் ஏறினார்கள். 1993 ஏப்ரல் 22 அன்று பசாங் லாமு ஷெர்பா எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் நேபாளப் பெண் ஆனார். இறங்கும் வழியில் இறந்தார். மூன்று குழந்தைகளின் தாய். இன்று அவர் பெயரில் நெடுஞ்சாலையும் ஒரு சிகரமும் உள்ளன. ஏறி உயிரோடு இறங்கிய முதல் நேபாளப் பெண் லாக்பா ஷெர்பா, 2000இல். பள்ளிக்கூடம் போகாதவர், சுமைதூக்கியாகவும் சமையல் உதவியாளாகவும் தொடங்கியவர். அமெரிக்காவில் பாத்திரம் கழுவும் வேலை பார்த்த காலத்திலும் திரும்பத் திரும்ப வந்து ஏறினார். 2022இல் பத்தாவது முறை உச்சியைத் தொட்டார். வேறெந்தப் பெண்ணும் அத்தனை முறை தொட்டதில்லை. 2014இல் தாவா யாங்சும், மாயா, பசாங் லாமு அகிதா ஆகிய மூன்று ஷெர்பாப் பெண்கள் கே2 சிகரம் ஏறினார்கள். இவர்களில் தாவா யாங்சும், மலை வழிகாட்டிகளுக்கான உச்ச சர்வதேசத் தகுதியைப் பெற்ற முதல் நேபாளப் பெண்.

சாலை வந்த பிறகு

2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் டிரெக்கிங் போகக்கூடாது என்று நேபாளம் அறிவித்தது. இதனால் வழிகாட்டிகளுக்கு வேலை கூடும். பட்டியிலிருந்து வளர்ந்த லாட்ஜுகளுக்கோ சாலையால் அடி விழுந்தது. 2000களின் பிற்பகுதியில் ஜீப் சாலை காளி கண்டகி வழியாக ஜோம்சோமைத் தொட்டது. நடப்பவர்கள் குறைந்தார்கள். தமிழ் வைணவர்கள் நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான சாளக்கிராமம் என்று கொண்டாடும் முக்திநாத்துக்குப் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போவார்கள். முன்பு நாள்கணக்கில் நடந்து, ஒவ்வொரு இரவும் ஒரு சாஹுனியின் கையால் சாப்பிட்டுப் போன பாதை அது. இன்று யாத்திரிகர்கள் ஜோம்சோம் வரை விமானத்திலோ போக்ராவிலிருந்து ஜீப்பிலோ போகிறார்கள். துகுசே, மார்பா ஊர்களின் சாஹுனிகளுக்கு, சாப்பாட்டு வேளையில் வண்டி நின்றால்தான் வியாபாரம்.