ஒல்லாந்தக் கம்பனியின் கடற்படையும் ஊவாவும்

1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தன் கப்பல் பலத்தாலும் முதலில் கண்டி மன்னர் இரண்டாம் ராஜசிங்கனின் துணையாலும், மட்டக்களப்பு (1638), காலி (1640), கொழும்பு (1656), யாழ்ப்பாணம் (1658) கோட்டைகளைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தது. ஹாலிஎல, பதுளை அடங்கிய ஊவா கண்டி மன்னரிடமே இருந்ததால், மலைநாட்டு வரலாற்றில் கப்பலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாதி நியாயம்தான். 1765இல் கண்டி நகருக்குள் புகுந்த கம்பனிப் படையால் அங்கே நிலைக்க முடியவில்லை. ஆனால் மலைக்கு உப்பு கரையிலிருந்தே ஏற வேண்டும். 1766 உடன்படிக்கையில் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கரை முழுவதையும் கம்பனிக்கு விட்டுக்கொடுத்தார். அவருடைய குடிகள் உப்பு எடுக்கும் அனுமதியோடு அமைய வேண்டியதாயிற்று. தரைப்படையால் மலையில் நிலைக்க முடியாத கம்பனிக்குக் கரையைக் காக்கும் கடற்படை பலமாக இருந்தது. அந்தக் கரை 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஊவா 1815இல்தான் அவர்கள் வசமானது.