கிண்ணத்தின் அடியில் ஒரு பெயர்

இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரின் பத்துபஸ்தியில் வாழும் நமக்கு, ‘ஒற்றர்’ என்பது வெறும் ஏட்டுச் சொல் அன்று. 1942 மார்ச் மாதத்தில் ஜப்பானியர் கைப்பற்றிய இத்தீவில், அச்சொல் பல உயிர்களைக் குடித்தது. 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர், ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்தம் நினைவிடத்தின் முன் நிற்கும்போது, அதே ஆண்டில் அயல்நாட்டில் மாண்ட இந்திய மரபினள் ஒருத்தியையும் நாம் எண்ணிக்கொள்வதுண்டு. அவர் மெய்யாகவே ஒற்றர். ஆயினும் அவர் எங்கே மறைந்தார் என்பது, போர் முடிந்த பின்னரும் புதிராகவே நின்றது.

அவர் நூர் இனாயத் கான். வடோதராவில் பிறந்த இசைவாணரும் சூஃபி ஞானியுமான ஹஸ்ரத் இனாயத் கானின் மகள், திப்பு சுல்தான் வழிவந்தவர், தாய் அமெரிக்கர். 1914இல் மாஸ்கோவில் பிறந்து பாரிஸை அடுத்து வளர்ந்த அவர், சிறுவர்க்காகப் புத்த ஜாதகக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதியவர்.

1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் இங்கிலாந்து சென்று, மகளிர் விமானத் துணைப்படையில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி பயின்றார். 1943 ஜூன் 16ஆம் நாள் இரவு, ‘மாடலீன்’ என்ற மறைபெயருடன் விமானத்தில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அங்கு அனுப்பப்பட்ட முதல் பெண் தந்தியாளர் அவரே. சில நாட்களில் தோழர் பலர் பிடிபட்டனர். திரும்பிவிடுமாறு லண்டன் கூறியும் அவர் இசையவில்லை. அக்டோபரில் தாமும் பிடிபட்டார். காட்டிக் கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்ணைப் பின்னாளில் பிரெஞ்சு நீதிமன்றம் விடுவித்தது.

இருமுறை தப்ப முயன்ற நூர், நவம்பரில் ஜெர்மனியின் ஃபோர்ஸ்ஹைம் சிறைக்கு அனுப்பப்பட்டு, விலங்கிடப்பட்டுத் தனிமையில் அடைக்கப்பட்டார்.

போர் முடிந்ததும், காணாமற்போன ஒற்றர்களைத் தேடி வேரா அட்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஜெர்மனி சென்றார். 1944 ஜூலை 6 அன்று நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்ட நான்கு பெண்களுள் ஒருவர் நூரே என்று அவர் முதலில் முடிவு செய்தார். அம்முடிவைப் பொய்யாக்கியது உணவுக் கிண்ணம் ஒன்று. ஃபோர்ஸ்ஹைமில் கைதிகள் கிண்ணத்தின் அடியில் எழுத்துகளைக் கீறி ஒருவரோடொருவர் செய்தி பரிமாறினர். நூர், தாயின் குடும்பப் பெயரைச் சேர்த்து, ‘நோரா பேக்கர்’ என்று தம் பெயரையும் லண்டன் முகவரியையும் கீறியிருந்தார். உயிர் தப்பிய பிரெஞ்சுக் கைதி யோலாந்த் லாக்ராவ் அதைத் தெரிவித்தார். 1947இல் உண்மை தெளிவாயிற்று. செப்டம்பரில் டாஹாவ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நூர், 1944 செப்டம்பர் 13 அன்று வேறு மூன்று பெண்களுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1949இல் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பெற்றது.

அப்படியாயின், நாட்ஸ்வைலரில் நூர் என்று எண்ணப்பட்டவர் யார்? சோனியா ஓல்ஷானெஸ்கி என்ற மற்றொரு வீராங்கனை. ஒருத்தியின் மரணம் இன்னொருத்தியின் பெயரில் எழுதப்பட்டிருந்தது.

அரசுக் காகிதங்களை மொழிபெயர்த்தே காலங்கழிக்கும் நாம் இதைப் படித்தபோது சற்றே அஞ்சினோம். ஏட்டில் ஒரு பெயர் பிறழ்ந்தால் இருவர் வாழ்வு மறைந்துவிடுகிறது. ஹம்ஃப்ரிகஞ்சில் வீழ்ந்தோர்மீதும் ஒரு பிழையான பெயரே எழுதப்பட்டது. அவர்களை இன்று நாம் தியாகிகள் என்று அழைக்கிறோம். அன்பர்களே, இத்தீவுக்கு வந்தால் சிறைக்கூடத்தை மட்டும் கண்டு திரும்பாதீர்கள்; ஹம்ஃப்ரிகஞ்சுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள்.