வாயோ: ஒரு சொல்லா, இரு சொல்லா?

நிகண்டு என்றவுடன் தமிழ் மாணவர்க்குத் திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் நினைவுக்கு வரும். அவற்றுக்கு நெடுங்காலம் முன்னரே அப்பெயர் பெற்ற சொற்பட்டியல் ஒன்று வடமொழியில் உண்டு. வேதச் சொற்களைத் திரட்டிய அந்நிகண்டு 5 இயல்களை உடையது. முதல் மூன்றும் பெரும்பாலும் ஒருபொருட் பன்மொழித் தொகுதிகள். நிலத்துக்கு 21 பெயர்களும் நீருக்கு 101 பெயர்களும் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஐந்தாவது இயல் தெய்வப் பெயர்களுக்கு உரியது. நம் கவனத்துக்கு உரியது நான்காவது. அதில் ஏறத்தாழ 280 சொற்கள் பொருட்குறிப்பின்றித் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. அவை கற்றோர்க்கே விளங்காதுபோன அருஞ்சொற்கள். இந்நிகண்டுக்கு யாஸ்கர் எழுதிய உரையே நிருக்தம். கி.மு. முதல் ஆயிரமாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்தவராக அவரைப் பொதுவாகக் கொள்வர்.

இப்படியொரு பட்டியல் ஏன் தேவைப்பட்டது? வேதத்தை ஓதுவோர் எழுத்தொலியை மட்டுமன்றி எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் ஓசை வேறுபாடுகளையும் பிறழாமல் காத்தனர். பேச்சுமொழியோ அதற்குள் வெகுதூரம் மாறிவிட்டது. எனவே ஒரு சொல்லைப் பிழையின்றி ஒலிக்கத் தெரிந்த மாணவனுக்கு அதன் பொருள் தெரியாத நிலை உருவாயிற்று.

இந்நிலையிலிருந்து கௌத்ஸர் ஒரு கடுமையான முடிவுக்கு வந்தார்: மந்திரங்களுக்குப் பொருளே இல்லை. அவர் காட்டிய சான்றுகளுள் அம்யக், யாத்ருச்மின், ஜாரயாயி, காணுகா முதலிய விளங்காச் சொற்களும் அடங்கும். தாம் ஏற்காத இவ்வாதத்தை யாஸ்கர் மறைக்கவில்லை. ஒவ்வொரு சான்றாக எடுத்துரைத்த பின்னரே மறுக்கிறார். வேதச் சொற்களும் உலக வழக்குச் சொற்களும் ஒன்றே. ஆதலின் அவை பொருளுடையன என்பது அவர் நிலை. குருடன் தூணைக் காணாவிடில் அது தூணின் குற்றமாகாது என்று அவர் கூறும் விடை புகழ்பெற்றது.

யாஸ்கரின் முறையில் குறையில்லாமல் இல்லை. வேர் புலப்படாவிடத்து ஓரெழுத்தின் ஒப்புமையைக் கொண்டேனும் பொருள் உரைக்க வேண்டும், உரைக்காமல் விடலாகாது என்கிறார். ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று வேர்களைத் தருவதும் உண்டு. இன்றைய வரலாற்று மொழியியல் இதை ஏற்காது. ஆயினும் அவரது ஆய்வுமுறை முழுவதும் ஊகமன்று என்பதற்கு ஒரு சான்று உண்டு.

ரிக்வேதம் 10.29.1-இன் தொடக்கத்தில் 'வாயோ' என்னும் ஒலித்தொடர் வருகிறது. புணர்ச்சி பிரித்துப் பதபாடம் அமைத்த சாகல்யர், அதை 'அல்லது' எனப் பொருள்படும் 'வா' என்றும் 'எவன்' எனப் பொருள்படும் 'ய:' என்றும் இரு சொற்களாகப் பிரித்தார். யாஸ்கர் மறுக்கிறார். 'எவன்' என்னும் சொல் உண்மையில் அங்கே இருந்தால், அத்தொடரின் வினைமுற்று எடுத்தல் ஓசை பெற்றிருக்க வேண்டும். ஓதுமரபில் அது அவ்வோசை பெறவில்லை. மேலும், அவ்வாறு பிரித்தால் தொடரின் பொருளும் முடிவு பெறாது. எனவே அது 'வாய:' என்னும் ஒரே சொல். பறவைக் குஞ்சு என்பது பொருள்.

இவ்வாதத்தின் அடிப்படையைக் கவனிக்க வேண்டும். பொருளறியாமல் ஓதியவரும் அந்த வினைச்சொல்லின் ஓசையை மாற்றாமல் ஒப்படைத்துச் சென்றனர். தமக்குப் புரிந்தவாறு யாரேனும் அதைத் 'திருத்தி' ஓதியிருந்தால், சாகல்யரை மறுப்பதற்கு யாஸ்கரிடம் ஓசைச் சான்று இருந்திராது. அதே வேளையில், ஓதுதலோடு மட்டும் நின்றிருந்தால் அச்சான்று சான்றாகவே அறியப்பட்டிராது. பொருளறியாது ஓதுவோன் சுமை தாங்கும் தூணைப் போன்றவன் என்ற பழிப்பும் நிருக்தத்திலேயே உள்ளது. ஆனால் அந்தத் தூண் தாங்கிய சுமையிலிருந்துதான் யாஸ்கர் தம் சான்றை எடுத்தார்.

பழம்பனுவல் பயிலும் மாணவர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. அகராதியில் பொருள் கிடைத்ததும் சொல்லின் ஒலிப்பை நாம் பொருட்படுத்துவதில்லை. புரியாத சொல்லைக் கண்டால் ஏட்டின் பிழை என்று திருத்தவும் துணிகிறோம். திருத்துவதற்கு முன், இருந்தபடியே அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். விளங்காத சொல்லுக்கும் பொருளற்ற சொல்லுக்கும் இடையே வேறுபாடு உண்டு.