கிட்டார் கழுத்துக்குள்ளே ஒரு கம்பி

அகூஸ்டிக் கிட்டார் கழுத்துக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி ஒளிந்திருக்கும். பேரு ட்ரஸ் ராட். ஆலன் கீ போட்டுத் திருகினால் கழுத்தின் வளைவு கூடும், குறையும். இது இல்லாத கிட்டாரைத் தொடவே மாட்டேன் என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. சரித்திரம் அப்படிச் சொல்லலை மக்களே.

ஆரம்பத்தில் கிட்டாருக்குக் குடல் நரம்புதான். இழுவை கம்மி, மரமே தாங்கிடும். இன்றைக்கும் நைலான் மாட்டிய கிளாசிக்கல் கிட்டார்கள் பலவற்றில் ராட் கிடையாது. 1915 வாக்கில் அமெரிக்காவுக்கு ஹவாய் இசைப் பித்து பிடித்தது, கூடவே ஸ்டீல் கம்பியும் பரவியது. ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். கழுத்து வில்லாக வளையாம என்ன செய்யும்?

கிப்சன் கம்பெனியில் இருந்த தாடியஸ் மெக்ஹ்யூ திருகக்கூடிய ராடுக்கு 1921-ல் விண்ணப்பித்து, 1923-ல் காப்புரிமை வாங்கினார். 1833-லிருந்து கிட்டார் செய்கிற மார்ட்டின் கம்பெனியோ அசையவே இல்லை. கருங்காலிப் பட்டை, 1934 வாக்கில் 'டி' வடிவ எஃகு, போரில் எஃகுத் தட்டுப்பாடு வந்ததும் மறுபடி கருங்காலி, 1967-ல் சதுரக் குழாய். எதையுமே திருக முடியாது. (போர்க்காலத்தில் கிப்சனே சில கிட்டார்களை ராட் இல்லாமல் விற்றது தனிக்கதை.) காப்புரிமை 17 வருஷம்தான், 1940-லேயே முடிஞ்சாச்சு. மார்ட்டின் மனசு மாறியது 1985-ல்!

வறட்டுப் பிடிவாதம்னு சொல்லிடலாம். ஆனா அந்த 1930-கள் மார்ட்டினைத்தான் இன்னிக்கு சொத்தை வித்தாவது வாங்கத் துடிக்கிறாங்க :-)

எங்க பொட்டி தட்டுற பாஷையில், மார்ட்டின் ஹார்ட்கோட் பண்ணியது, கிப்சன் செட்டிங்ஸில் விட்டது. ஓங்கி அடித்து வாசிப்பவருக்குக் கம்பி அதிர இடம் வேணும், கழுத்தில் லேசான குழிவு வேணும். விரலால் மென்மையாக மீட்டுபவருக்குக் கிட்டத்தட்ட நேரான கழுத்துதான் சுகம். மரம் நன்றாக இருந்தால் கழுத்துக்கு ராட் தேவைப்படாது. தேவை வாசிக்கிறவருக்குத்தான் என்பது என் கட்சி. திருக முடியாத கழுத்து வளைந்துவிட்டால், ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, அடிப்பக்கம் தடித்த ஃப்ரெட்டுகளை இறுக்கி அடித்து நிமிர்த்த வேண்டும். ஆலன் கீயில் அஞ்சு நிமிஷ வேலை அது.

ஒண்ணு மட்டும். கம்பி உயரமா இருக்குன்னு ராடைத் திருகாதீங்க. உயரத்தைக் குறைக்க பிரிட்ஜில் இருக்கும் சாடிலைத் தேய்க்கணும். கழுத்து உடம்போடு சேரும் கோணமே கெட்டிருந்தால், கழுத்தைக் கழற்றித்தான் திரும்ப ஒட்டணும். அதுக்கு 1923 காப்புரிமையும் உதவாது.