ஆக்சைடு குவாசிபடிகம்

ஆக்சைடு குவாசிபடிகம் என்பது உலோகப் பரப்பின் மீது சீரான ஒழுங்குடன், ஆனால் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராதபடி அணுக்கள் அமைந்த மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் ஆகும்.

படிகங்களில் ஐந்துமடிச் சமச்சீர் இயலாது என்பதே நீண்டகாலக் கொள்கை. 1982-இல் டான் செக்ட்மன் அலுமினியம்–மாங்கனீசு கலவையில் அதனைக் கண்டார். லைனசு பாலிங் போன்ற பேரறிஞரே அதை ஏற்கவில்லை. 2011-இல் செக்ட்மனுக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆக்சைடுகளில் இத்தகைய அமைப்பு 2013-இல் அறிவிக்கப்பட்டது. செருமனியின் ஆல்லே நகரில் இசுடீபன் ஃபோர்சுடர், வுல்ஃப் விட்ரா ஆகியோரின் குழு, பிளாட்டினத்தின் மீது பேரியம் டைட்டனேட்டுப் படலத்தை வளர்த்து வெற்றிடத்தில் சூடாக்கியது. எலக்ட்ரான் விளிம்பு விளைவுப் படத்தில் பன்னிரண்டுமடிச் சமச்சீர் தெரிந்தது. வருடு சுரங்கவழி நுண்ணோக்கி, சதுரம், முக்கோணம், சாய்சதுரம் ஆகிய மூவகை ஓடுகள் பதித்த தரைபோல அப்படலத்தைக் காட்டியது. ஓடுகளின் பக்கநீளம் ஏறத்தாழ 0.7 நானோமீட்டர்.

பேரியம் டைட்டனேட்டும் பிளாட்டினமும் தனித்தனியே சாதாரணப் படிகங்களே. அவை சந்திக்கும் எல்லையில் இப்புதிய ஒழுங்கு தோன்றியதே இக்கண்டுபிடிப்பின் சிறப்பு.