பாலைவனத்து வானொலியிலிருந்து மாணவர் கைபேசிக்கு

மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்த மார்ட்டின் டூகியமாஸுக்கு எட்டும் தொலைவில் பள்ளிக்கூடம் இல்லை. சிற்றலை வானொலியில் ஆசிரியர் பாடம் நடத்த, சிறுவன் வீட்டிலிருந்தே கேட்டுப் படித்தான். பின்னாளில் பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, அங்கே இணையவழிப் பாடம் நடத்தப் பயன்பாட்டில் இருந்த வெப்சிடி என்ற வணிக மென்பொருள் அவருக்கு நிறைவு தரவில்லை. மாற்றாக ஒன்றைத் தாமே எழுதத் தொடங்கினார். 2002 ஆகஸ்டில் அது மூடில் 1.0 என்ற பெயரில் வெளியானது. யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், நிரலைத் திருத்தலாம். பல்கலைக்கழகங்கள் அதைச் சுவீகரித்துக்கொண்டது அதனால்தான்.

கணினிக்காகப் பிறந்த மூடில் கைபேசிக்குள் நுழையப் பட்ட பாடு பெரிது. முதலில் வந்த செயலி ஐபோனுக்கு மட்டுமானது. ஒவ்வொரு வகைக் கைபேசிக்கும் தனித்தனியாக நிரல் எழுதிக் கட்டுப்படியாகாது. அந்த நேரத்தில் ஸ்பெயினைச் சேர்ந்த ஹுவான் லெய்வா, இணையப் பக்கம் எழுதும் அதே மொழிகளில், ஒரே நிரல் எல்லாக் கைபேசிகளிலும் ஓடும்படி, அதிகாரபூர்வமற்ற செயலி ஒன்றைச் செய்திருந்தார். மூடில் நிறுவனம் அதையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. 2013இல் புதிய செயலி வந்தது. பிறகும் பலமுறை அதைத் திருத்தி எழுதினார்கள்.

என்னைக் கேட்டால், இந்தச் செயலியின் உயிர் இணைப்பு இல்லாத நேரத்தில்தான் இருக்கிறது. விடுதியில் வைஃபை கிடைக்கும்போது மாணவி பாடத்தைப் பதிவிறக்கி வைக்கிறாள். ஊருக்குப் போகும் பேருந்தில் சிக்னல் போனாலும் பாடம் திறக்கும். விரிவுரையாளர் அனுமதித்திருந்தால், வினாடி வினாத் தேர்வுக்கு எழுதும் விடைகளும் கைபேசியிலேயே தங்கி, இணைப்பு வந்ததும் சர்வருக்குப் போய்ச் சேரும். இதற்கிடையில் அதே தேர்வைக் கணினியில் முடித்துவிட்டால், கைபேசியில் இருந்த விடைகளைச் செயலி கைவிட்டு, அதை அவளிடம் சொல்லியும் விடும். இரண்டு விடைத்தாள்களில் எது செல்லும் என்ற சிக்கலுக்கு இப்படி ஒரு தெளிவான முடிவு எடுத்திருப்பது நல்ல வடிவமைப்பு.

சிக்னல் இருக்கும் இடத்திலும் டேட்டா செலவு எவ்வளவு பெரிய தடை என்பதை 2020இல் இலங்கை கண்டது. கொரோனா முடக்கத்தில், பல்கலைக்கழகக் கற்றல் தளங்களை மாணவர்கள் டேட்டா கட்டணமின்றிப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அவற்றில் மொறட்டுவை போன்ற பல்கலைக்கழகங்களின் தளங்கள் மூடிலில் ஓடுபவை.

விரிவுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலியில் இணைப்பின்றித் தேர்வு எழுதும் வசதியை மூடில் தானாகத் திறந்து தருவதில்லை. தேர்வின் அமைப்புப் பகுதிக்குப் போய் நீங்கள்தான் அனுமதிக்க வேண்டும். நேர வரம்பு வைத்த தேர்வுக்கு அந்த வசதி கிடைக்காது. ஆகவே, மதிப்பெண்ணுக்கல்லாத பயிற்சித் தேர்வுகளிலாவது நேர வரம்பை எடுத்துவிட்டு, அந்த அனுமதியைக் கொடுங்கள்.