வீரனா, மந்திரவாதியா, பாதிரியாரா?

மூன்று பகடைகளை எடுத்து உருட்டுங்கள். விழும் கூட்டுத்தொகைதான் உங்கள் உடல் பலம். மறுபடி உருட்டுங்கள். இது அறிவு. இப்படி ஆறு முறை. விதியின் வேலை அத்தோடு முடிந்தது. இனி முடிவு உங்களுடையது. நீங்கள் வாள் வீரனா, மந்திரவாதியா, பாதிரியாரா?

1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு, தன் ரசிகர்களிடம் கேட்ட முதல் கேள்வி இது. உருவாக்கியவர்கள் இரண்டு பேர். மினசோட்டாக்காரரான டேவ் ஆர்னிசன் கற்பனையில் கில்லாடி. விஸ்கான்சினின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகாக்ஸ், விதிமுறை எழுதுவதில் மன்னன். இன்சூரன்ஸ் வேலை பறிபோய், செருப்பு ரிப்பேர் செய்து பிழைத்துக்கொண்டிருந்த மனிதர். முதலில் அச்சிட்டது ஆயிரமே ஆயிரம் பெட்டிகள்.

அதுசரி, போர் விளையாட்டில் பாதிரியாருக்கு என்ன வேலை?

சுவாரசியமான கதை அது. ஆர்னிசனின் நண்பர்கள் குழுவில் ஒருவருடைய பாத்திரம் ரத்தக்காட்டேரியாக மாறிவிட்டது. யாராலும் அடக்க முடியவில்லை. என்ன செய்வது? டிராகுலா படங்களில் சிலுவையோடு ஒருவர் வருவாரே, அப்படி ஓர் ஆளைக் களத்தில் இறக்கினார்கள். காட்டேரியை விரட்ட வந்தவர், பிறகு காயம்பட்ட நண்பர்களைக் குணமாக்கும் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்.

இனி கணக்குக்கு வருவோம். வீரன் எந்தக் கவசமும் அணியலாம், எந்த ஆயுதமும் ஏந்தலாம். ஆனால் மந்திரம் வராது. மந்திரவாதிக்குக் கவசம் கிடையாது. குத்துவாள் மட்டும்தான். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைப் போட்டுவிட்டால் அன்றைய பொழுதுக்கு ஆள் காலி, வீரனின் முதுகுக்குப் பின்னால் பதுங்க வேண்டியதுதான். தாக்குப்பிடித்து வளர்ந்தாலோ, வீரனே அவன் பின்னால் நிற்க வேண்டிவரும். பாதிரியார் கூர்மையான ஆயுதத்தைத் தொடக்கூடாது. 1975-ல் திருடனும் வந்து சேர்ந்தான். பூட்டைத் திறக்க ஆள் வேண்டாமா?

நான் படித்த பி.காமில் சொல்லிக்கொடுத்த அதே வரவு - பற்றுதான். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டாக வேண்டும். எதை விடுகிறீர்களோ, அதற்குப் பக்கத்து நாற்காலிக்காரரை நம்பியாக வேண்டும். இன்றைய கம்ப்யூட்டர் கேம்கள் பலவற்றில் அடி வாங்க ஒருவர், அடிக்க ஒருவர், குணமாக்க ஒருவர் என்று பிரித்துக்கொள்கிறார்களே, அதற்கெல்லாம் தாய் இதுதான்.

இந்த விதியை எழுதியவர்கள் என்ன ஆனார்கள்? ஆர்னிசன் கம்பெனியைவிட்டு வெளியேறினார். பெயரும் ராயல்டியும் கேட்டு 1979-ல் வழக்குப் போட்டார். 1981-ல் சமரசம். 1985-ல் கைகாக்ஸின் கையிலிருந்தும் கம்பெனி நழுவியது. 2008-ல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே ஆர்னிசனும் போய்ச் சேர்ந்தார்.

கற்பனை ஒருவரிடம், எழுத்து இன்னொருவரிடம். இரண்டும் சேர்ந்திருந்தவரைதான் அது ஒரு குழு. அவர்கள் எழுதிய புத்தகத்திலேயே இருந்த பாடம்தான் அது.